ஆயர் வேடம்

காலை பத்தே முக்காலுக்கு
அட்ராக்டா மல்வியின் கொட்டகையில்
முழங்கை வரை ஒரு செம்மறிக்குள் இருந்தேன்.
தலை வரவேண்டிய வழியில்
பின்னங்கால் வந்திருந்தது.
பன்னிரண்டு மணிக்கு
நான் புனித பேட்ரிக்.

விழாக் குழு போன மாதமே சொல்லிவிட்டது:
உயரம் உனக்குத்தான் இருக்கிறது மாலக்கி,
தாடியும் வாங்கியாயிற்று.
மார்ச் மாதத்தில் கால்நடை மருத்துவனைக்
கூப்பிடுகிறீர்களே என்றேன்.
குட்டி ஈனும் ஆடுகளுக்கு அன்றைக்கு விடுமுறை
என்றார் பாதிரியார், சிரிக்காமல்.

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.
திரைச்சீலையில் தைத்த பச்சை அங்கி.
அட்டையில் ஒட்டிய கூம்புத் தொப்பி.
குழாய் ரிப்பேர்க்காரர் யூனன்
வளைத்துக் கொடுத்த செம்புக் குழாய்தான்
என் செங்கோல்.
நெஞ்சில் குத்திய மூவிலை
குத்தும்போதே வாடியிருந்தது.
எல்லாவற்றுக்கும் அடியில்
பனிக்குட நீரின் வாடை.

எங்கள் ஊர்வலம்
கோயில் வாசலில் கிளம்பி
பெட்ரோல் பங்கில் முடிந்துவிடும்.
எவ்வளவு மெதுவாக நடந்தாலும் பதினொரு நிமிடம்.
எனவே இரண்டு சுற்று.
கழுவித் துடைத்த டிராக்டர்கள் முன்னால்.
நடனப் பெண்களின் சுருட்டை விக்குகளுக்கு மேல்
பிளாஸ்டிக் பை, மழைக்காக.
தீயணைப்பு வண்டி ஒரே ஒருமுறை ஊளையிட
அனுமதி உண்டு, குதிரை மிரளுமாம்.
சவப்பெட்டி வண்டிக்காரர்
வருடம் தவறாமல் எல்லோருக்கும் கையசைக்கிறார்,
நாங்களும் பதிலுக்குக் கொஞ்சம் யோசித்தே அசைக்கிறோம்.
இறைச்சி ஆலையில் வேலை செய்யும் பிரேசில்காரர்கள்
அடித்த மேளம் மட்டும்
மழையை இரண்டு தெரு தள்ளி நிறுத்தியது.

எனக்கு முன்னால் பாம்பு.
படுக்கை விரிப்புக்குள் ஐந்து குழந்தைகள்.
கோலை ஓங்கி
பாலம் வரை விரட்டவேண்டும், அவ்வளவுதான் என் பங்கு.
இந்தத் தீவில் பாம்பே இருந்ததில்லை
என்பது எனக்குத் தெரியும்,
படித்தவன்.
இருந்தாலும் விரட்டினேன்.

முதல் சுற்றில் ஒழுங்காக ஓடியது.
இரண்டாம் சுற்றில்
இறைச்சிக் கடை எதிரே
வால் உட்கார்ந்துவிட்டது.
தலையும் வயிறும் போய்க்கொண்டிருக்க
நனைந்த தார்ச்சாலையில் டெர்வ்லா, நான்கு வயது:
நான் போகமாட்டேன்.
என் வீடு இங்கேதான் இருக்கு.

தெரு முழுக்கச் சிரித்தது.
ப்ரீஜ் கானலன் சிரிக்கவில்லை.
அவள் மகன்கள் இருவரும் பெர்த்தில்.
உறையில் வைத்து அவள் அனுப்பும் மூவிலையை
அங்கே சுங்கத்தில் எரித்துவிடுகிறார்கள்,
மண்ணில் புழு இருக்கலாமாம்.

பின்னால் வாத்தியக் குழு முட்டிக்கொண்டு நின்றது.
என்ன செய்வது?
கோலை யூனனிடம் கொடுத்துவிட்டு
வாலைத் தூக்கி
அக்குளில் இடுக்கிக்கொண்டேன்,
ஈரக் குட்டியைத் தூக்குகிற மாதிரி.
வேறு மாதிரி தூக்க எனக்குத் தெரியாது.
அவள் என் கழுத்தை முகர்ந்தாள்.
உன்மேல ஆட்டு நாத்தம்.

அவர் மேலும் அடித்திருக்கும், பாப்பா.
கடத்திக் கொண்டுவந்து விற்ற பையன்,
ஆறு வருடம் இந்த மழையில்
கூலியில்லாமல் மந்தை மேய்த்தான்.
ஆயர் ஆவதற்கு முன்
அவரும் ஆயர்தான்.
இதை நான் சொல்லவில்லை.
தாடி வாய்க்குள் போயிருந்தது.

மாலை, ஹார்கடன் மதுக்கடையில்
தவக்காலத்துக்கு ஒருநாள் விடுப்பு.
இருபத்தேழு நாள் தொடாத விஸ்கியில்
நெஞ்சிலிருந்த இலையைப் பிய்த்துப் போட்டேன்.
மூழ்கவில்லை, மிதந்தது.
கிளாஸை உதடுவரை கொண்டுபோனபோது
போன்.
அட்ராக்டா.
இன்னொன்று, இதுவும் தலைகீழ்.

கடைக்காரன் ஒன்றும் கேட்காமல்
கிளாஸை அட்டையால் மூடி
அலமாரியில் வைத்தான்.

கொட்டகையில் மண்டியிட்டேன்.
கோந்து விடாத பாதித் தாடி
கன்னத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.
ஆடு ஒருமுறை திரும்பிப் பார்த்தது.
பிறகு தன் வேலையைப் பார்த்தது.